லீவில் இருப்பவரிடம் சொல்லக்கூடாது

அத்தியாயம் 17

போன வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஸ்டெஃபனியை லீவில் அனுப்பிவைத்தோம். ஆபிஸில் கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள், கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்கள். ஒன்பது நாள் லீவில் போகிற ஒருத்திக்கு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கான மரியாதை நடந்தது. கம்பெனியில் வந்திருக்கும் புதுச் சட்டப்படி முதன்முதலாக லீவெடுக்கிற ஆள் அவள்தான். அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

நடுவில் நாலைந்து வாரம் கோட்டை விட்டவர்களுக்காக ஒரு சுருக்கம். ஸ்டெஃபனி, கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லோரிகள் ஓட்டும் கம்பெனி ஒன்றில் பிளானர். எந்த டிரைவர் எந்த கன்டெய்னரை எந்த நேரத்தில் எங்கே கொண்டுபோவது என்று பட்டியல் போடுகிற வேலை. அவள் வீட்டுக்கு வந்தால் வேலையும் கூடவே வீட்டுக்கு வரும். பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து மின்னஞ்சலுக்குப் பதில் அடித்தவள் அவள். கூட வேலை செய்யும் மாதவி, பிள்ளை பெற்று ஆறு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் லேப்டாப்பை விரித்தாள் என்று கேள்விப்பட்ட அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கி மேலாளர் கிஷனின் மேசையில் வைத்தாள்.

கிஷன் நாலு மாதம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். லீவில் இருப்பவரின் மின்னஞ்சல் மூடப்படும். கேட்டில் தட்டுகிற கார்டு வேலை செய்யாது. ஆபிஸ் விஷயமாக அவரிடம் யாரும் எதையும் கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது. அவரே கூப்பிட்டாலும் எடுக்கக்கூடாது. மீறினால் இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். கார்டை மூடுவது கொஞ்சம் அதிகம் என்று கிஷனே இழுத்தார். பத்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வருகிறவர்களை வேறெப்படியும் தடுக்க முடியாது என்று ஸ்டெஃபனி அடித்துப் பேசினாள். ஆபிஸில் அதற்கு ஸ்டெஃபனி ரூல் என்றே பெயர்.

இதுவரை தெரிந்த கதை. இனி, கிஷனுக்கும் மாதவிக்கும் தெரியாத, ஸ்டெஃபனியின் கணவன் டேரனுக்குக்கூடத் தெரியாத ஒன்று. உங்களிடமும் நான் இத்தனை வாரம் சொல்லவில்லை.

டேரனின் அப்பா மரியநாயகம் அதே கம்பெனியில் டிரெய்லர் ஓட்டுகிறவர். வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தூணைக்கூட உரசியதில்லை என்பது அவர் பெருமை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மாமியார் மகதலேனா, மருமகளைச் சமையலறைக்குள் இழுத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னார். பொழுது சாய்ந்தால் மனிதர் தேநீரைக் கப்புக்கு வெளியே ஊற்றுகிறார். எதிரே விளக்கு வந்தால் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். கண்ணில் புரை. டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பிடிவாதம். வருஷா வருஷம் கிளினிக்கில் படிக்கச் சொல்லும் எழுத்துப் பலகையோ அவருக்கு மனப்பாடம். பகலில் ஓட்டட்டும், ராத்திரி டிரிப்பை மட்டும் எடுத்துவிடு, அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று மகதலேனா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டெஃபனி எடுத்துவிட்டாள். மறுநாள் பட்டியல் தினமும் மாலை ஐந்து மணிக்கு மின்னஞ்சலில் வரும், ஆறு மணிக்கு மூடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் மாமனாரின் பெயரை ஒரு வரி மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். வேலை நாளென்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நாளென்றாலும் சரி, தவறாமல் செய்தாள். லீவில் மின்னஞ்சலைத் திறக்கவே கூடாது என்று நாற்பத்தொரு பேரிடம் பேசியவள், தன் லீவு நாள் ஒவ்வொன்றிலும் ஐந்து மணிக்கு அதைத் திறந்தாள். இதில் தப்பிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. புரை விழுந்த கண் பகலிலும் புரை விழுந்த கண்தான். மாமியாரிடம் ஒரு நல்ல பெயர் கிடைத்திருந்தது, அதை விடவும் மனமில்லை.

லீவில் போகுமுன் அவள் கணக்காகத்தான் காரியம் பார்த்தாள். திங்களுக்கும் செவ்வாய்க்கும் மாமனாருக்கு முன்கூட்டியே பகல் டிரிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். புதன்கிழமையிலிருந்து அவரும் லீவு. ஞாயிற்றுக்கிழமை அவர் பேத்தி, ஸ்டெஃபனியின் மகள் ஜெனிதாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், அதற்காக. தன் இடத்தில் உட்காரப்போகும் விமலனுக்கு ஏழு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுத முடியவில்லை.

புதன்கிழமை காலை ஏழரைக்கு மரியநாயகம் வேலைக்குப் போகும் பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றார்.

எங்கே என்று மகதலேனா கேட்டார். டிப்போவுக்கு என்றார் அவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கை கால் பிடித்துக்கொள்கிறதாம், வியாழன் வெள்ளி பார்த்துக்கொள்ளலாமாம், இன்றைக்கு ஆள் குறைவென்று நேற்றே டிப்போவில் பேசிக்கொண்டார்களாம். லீவை ரத்து செய்யச் சொல்லி அது தொடங்குமுன்பே, நேற்று மாலை, விமலனிடம் சொல்லியாகிவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள் பண்டமாரானில் அவர்கள் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

பகல்ல ஏதாவது கொடுப்பான், போற மனுஷன் அந்தி சாயறதுக்குள்ள வந்துடுவாரு என்று மகதலேனா தனக்கே சொல்லிக்கொண்டார். விமலன் நல்லவன், நியாயமானவன். அதுதான் ஸ்டெஃபனிக்குப் பயம்.

பன்னிரண்டரை மணிக்கு இருவரும் கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடையின் மாடியில், ரசியாவின் தையல் கடையில் இருந்தார்கள். புதுநன்மை கவுன் தைப்பதில் ரசியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஜெனிதாவின் கவுன் தயாராக இருந்தது. பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறாள் என்று ஓரத்தை இரண்டு அங்குலம் மடித்து விட்டிருந்தாள் ரசியா. மகதலேனா அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது.

மரியநாயகம்தான். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, போனை வாய்க்கு நேரே பிடித்துப் பேசிப் பழக்கம். லோரிக்குள் முப்பத்து மூன்று வருஷம் பேசிய பேச்சு, கடை முழுக்கக் கேட்டது.

"மகதலே, ஆறு மணிக்குள்ள சோறு கட்டி வெச்சிரு. நைட் டிரிப். குவாந்தான்."

மகதலேனாவின் கை கவுனிலேயே நின்றது.

"ஆறு மாசம் கழிச்சு இப்பதான் நம்ம ஞாபகம் வந்திருக்கு அவனுங்களுக்கு. விமலன் பையன் லிஸ்ட்ட பார்த்துட்டு அவனா கேட்டான், அங்கிள், உங்களுக்கு ஏன் நைட்டே கொடுக்கலன்னு. கெழவன்னு ஒதுக்கிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேக்குதா?"

கேட்கிறது என்றார் மகதலேனா. இப்போது டிப்போவிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருவதாகவும், ஏழரைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். வைக்கும்போது ஏதோ ஒரு பழைய பாட்டை முனகினார்.

ஸ்டெஃபனிக்கு முதலில் தோன்றியது குவாந்தான் சாலையும் மலை ஏற்றமும் எதிரே வரும் லோரிகளின் விளக்கும் அல்ல. மாமனார் இந்த ஆறு மாதமாகத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதுதான். மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாரே, ஓய்வெடுக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுக்கு அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. மற்றது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாற்பது அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு, இருட்டில், விளக்கு வந்தால் முகத்தை மறைக்கிற மனிதர்.

மாடிப்படியில் நின்று விமலனைக் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை இரண்டே மணியில் நின்றது. அவசரமாகப் பேச வேண்டும் என்று செய்தி அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதன் பொருள் இது: வேலை உங்களுக்காகக் காத்திருக்கும், ஓய்வு காத்திருக்காது, நிம்மதியாக இருங்கள். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

லீவில் இருப்பவர் தொடர்புகொண்டால் இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவள் ஸ்டெஃபனி. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். கிஷன்கூட நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது குளிர்ச்சி.

மாமாவிடமே போனில் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நாலு பேருக்கு நடுவில் நிற்கிறவரிடம் எதைச் சொல்ல முடியும் என்றார் மகதலேனா. டேரன் காப்பார் மின் நிலையத்தில் ஷிப்டில் இருக்கிறான், ஏழு மணி வரைக்கும் போன் லாக்கருக்குள். கடைசியில் மாமியாரையும் கவுனையும் பண்டமாரானுக்கு ஒரு வாடகைக் காரில் ஏற்றிவிட்டு, ஸ்டெஃபனி வேறொரு காரில் டிப்போவுக்குப் போனாள்.

கேட்டில் பழக்க தோஷத்தில் கார்டைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

காவலாளி குரு கூண்டிலிருந்து எழுந்து வந்தார். அவளைப் பார்த்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம். பிள்ளைக்குப் புதுநன்மை ஏற்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்தார். நாற்காலி எடுத்துப் போட்டார், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கேட்டை மட்டும் திறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைத் தலையால் காட்டினார். அதன் அடியில் ஊழியர் பிரதிநிதி என்று ஸ்டெஃபனியின் கையெழுத்தே இருந்தது.

ஒரு சீட்டு எழுதித் தருகிறேன், விமலனிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். சீட்டும் அதில் அடக்கம் என்று குரு வருத்தத்தோடு சொன்னார். மூன்றாவது வரியில் இருக்கிறதாம்.

கூண்டுக்குப் பக்கத்தில் மூசா நின்று ஐஸ் மைலோ குடித்துக்கொண்டிருந்தார். மாமனாரோடு இருபது வருஷமாக ஓட்டுகிறவர்.

"நாயகத்துக்கு இன்னைக்குக் குவாந்தானாமே. நல்லதும்மா," என்றார். "மருமக பிளானர், மாமனாருக்கு நோகாம பகல் வேலைன்னு பசங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க லா. நான்தான் வாய மூடுங்கடான்னு சொல்லிட்டு இருக்கேன்."

ஒரே வரிதான் அவள் நகர்த்தியது. அதை மாமனார் அவமானம் என்று எடுத்துக்கொண்டார், டிப்போவில் சலுகை என்று எடுத்துக்கொண்டார்கள். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அவளும் மகதலேனாவும் மட்டும்தான்.

குரு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, யாருக்காச்சும் ஆபத்தா? அப்படின்னா சொல்லு. அதுக்கு ரூல் கிடையாது. இப்பவே கிஷன் சாருக்கு அடிக்கிறேன்."

உண்மைதான். ஆபத்துக்கு விலக்கு உண்டு என்று ஐந்தாவது வரி. அதையும் அவள்தான் சேர்க்கச் சொன்னாள். இப்போது அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் மாமனாருக்கு ராத்திரியில் கண் தெரியாது. மூசா மைலோவை உறிஞ்சிக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் இரண்டு டிரைவர்கள் சிகரெட்டோடு வந்து நின்றார்கள். முப்பத்து மூன்று வருஷம் ஒரு தூணை உரசாதவரைப் பற்றி, இவர்கள் முன்னால், அவர் வீட்டு மருமகள் கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போவதா?

"இல்லண்ணே. ஒண்ணுமில்ல," என்றாள். தேநீரைக் குடித்து முடித்தாள். அது கோழைத்தனம் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

மரியநாயகம் ஐந்து மணிக்குச் சொன்னபடி வந்தார். குளித்தார். ஷேவ் செய்தார். கம்பெனிச் சட்டையை மகதலேனாவிடம் கொடுக்காமல் தானே இஸ்திரி போட்டார். கழுத்துப் பட்டையை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார். வானம் கறுத்து, ஆறு மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஜெனிதா ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தாள். மகதலேனா டிபன் கேரியரில் சோற்றையும் கோழிப் பிரட்டலையும் அடுக்கினார். மூடியைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தார்.

ஸ்டெஃபனி முன்கூடத்துக்கு வந்து அவர் எதிரே நின்றாள்.

"மாமா, உங்களுக்கு நைட் டிரிப் வராம செஞ்சது நான்தான்."

அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆறு மாசமா தெனமும் சாயங்காலம் லிஸ்ட்ல உங்க பேர நகர்த்திட்டு இருந்தேன். டிப்போல யாரும் உங்கள ஒதுக்கல. உங்க கண்ணுக்காக நான் செஞ்சேன்."

"என் கண்ணுக்கு என்ன?"

சமையலறையிலிருந்து மகதலேனா வந்தார். கையில் கேரியர் மூடி இருந்தது.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன். கப்புக்கு வெளிய டீ ஊத்துற மனுஷன எப்படிங்க நான் குவாந்தானுக்கு அனுப்புவேன்."

மரியநாயகம் மெதுவாக நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். கோபத்தைவிட மோசமான ஒன்று அவர் முகத்தில் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஆறு மாசம்," என்றார். "தெனம் அந்த போர்டு முன்னால போய் நிப்பேன். எம்பேரு நைட்ல இருக்கான்னு பார்ப்பேன். மூசா பேரு இருக்கும், நேத்து வந்த பொடியன் பேரு இருக்கும். என்ன தப்பு பண்ணோம்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவேன். நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சோறு போடுவீங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். கேரியரை மகதலேனா கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. போர்ட்டிகோவுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. போகாதீங்க என்று சொல்லிப் பார்த்தார் மகதலேனா. அவர் காதில் வாங்கவில்லை. ஸ்டெஃபனி சாவியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்படிச் செய்கிற உரிமையை அவள் இந்த ஆறு மாதத்தில் இழந்துவிட்டிருந்தாள்.

அப்போது எதிர்வீட்டு ஆள் வேலை முடிந்து காரைத் திருப்பினார். இரண்டு விளக்கும் நேராக இந்த வாசலில் அடித்தன. மரியநாயகத்தின் இடது கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. கார் உள்ளே போய் விளக்கு அணைந்த பிறகும் கை இறங்கவில்லை.

பிறகு அவர் சாவியைத் துளையில் வைத்தார். அது துளையில் இல்லை. இன்னொரு முறை வைத்தார். பக்கத்தில் பட்டு வழுக்கியது. மூன்றாவது முறை இடது கை விரலால் துளையைத் தடவிக் கண்டுபிடித்து, வலது கையால் சாவியை அந்த விரலை ஒட்டிக் கொண்டுவந்தார். உள்ளே போயிற்று. இருட்டில் அவர் தினமும் அப்படித்தான் செய்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. வாசலில் இருவர் நின்று பார்க்கிறார்கள் என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்திருக்க வேண்டும்.

வண்டியைக் கிளப்பவில்லை. மழை வலுத்தது. ஹெல்மெட்டை சீட்டின் மேல் வைத்தார். போர்ட்டிகோவுக்குள் வந்து, பையிலிருந்து போனை எடுத்து ஸ்டெஃபனியிடம் நீட்டினார்.

"விமலன் நம்பர போட்டுக் கொடும்மா."

அவள் எண்ணைத் தொட்டுக் கொடுத்தாள். அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு நேரே பிடித்தார். விமலன் முதல் மணியிலேயே எடுத்தான். கேட்டில் வண்டி தயாராக இருக்கிறது அங்கிள் என்றான்.

"வேற ஆளப் போட்டுரு. நான் வரல."

உடம்பு சரியில்லையா என்று கேட்டான் விமலன். மரியநாயகம் மழையைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு முடிந்துவிடும். அதற்கு அவருக்கு நேரம் இருந்தது. மகதலேனா கேரியரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு தெரியல விமலன். எதிர்ல லைட்டு வந்தா எல்லாம் வெள்ளையாயிடுது. ரொம்ப நாளா. நாளைக்குப் போய் டாக்டர பார்க்கறேன். அது வரைக்கும் பகல்லயும் போடாத."

அந்தப் பக்கம் டிப்போ ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"அப்ப அதனாலதான் ஸ்டெஃபனி அக்கா..." என்று ஆரம்பித்த விமலன் நிறுத்திக்கொண்டான். பிறகு குரலை இறக்கினான். "அங்கிள், ஒரு விஷயம். இன்னைக்கு உங்க லிஸ்ட்ட பார்த்ததும் ஏன் இப்படின்னு நான் கிஷன் சார்கிட்ட கேட்டுட்டேன். தப்பா நெனச்சுக் கேக்கல. அவரு ஆறு மாச லிஸ்ட்டயும் பிரிண்ட் எடுக்கச் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை காலையில அக்காவ ரூமுக்குக் கூப்பிடப் போறாங்க. எச்.ஆரும் இருப்பாங்க."

மரியநாயகத்தின் பார்வை ஸ்டெஃபனி இருந்த பக்கம் திரும்பியது. அவள் இரண்டடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அங்கிள், நீங்க அக்காகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. லீவுல இருக்காங்க. சொல்லக்கூடாது."

"சரி," என்றார் மரியநாயகம். "சொல்லல."

போனை அணைத்துப் பையில் போட்டார். ஒவ்வொரு வார்த்தையும் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

"மாமா," என்றாள் ஸ்டெஃபனி.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். "ஆபிஸ் விஷயம். நீ லீவுல இருக்க."

அவர் போர்ட்டிகோ நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். குவாந்தான் வழியில் சாப்பிடக் கட்டிய சோற்றை மகதலேனா அங்கேயே அவர் முன்னால் திறந்து வைத்தார். கேரியரின் இரண்டாவது தட்டை எடுக்கப் போன மரியநாயகத்தின் கை, அதற்குப் பக்கத்தில் வெறும் மேசையில் போய்ப் படிந்தது. ஆறு மாதமாக அந்த வீட்டில் யாரும் பார்க்காதது போல இருந்த காரியம் அது. இன்று மகதலேனா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டின் மேல் வைத்தார். அவரும் பிடிக்க விட்டார்.

தெருமுனையில் டேரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவனுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று ஸ்டெஃபனி யோசித்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அது வரைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது.